ஒன்பது புள்ளி நாலு

"எல்லாரோட ரெக்கார்டும் திரும்பி வந்துடுச்சு மேடம். என்னோடதை மட்டும் ஏன் நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

இயற்பியல் பேராசிரியையின் அறைக்குள் நுழைந்ததுமே கேட்டுவிட்டாள் அந்த இரண்டாம் ஆண்டு மாணவி. கோபத்தில் வணக்கம் சொல்லக்கூட மறந்திருந்தாள்.

பேராசிரியை அவளுடைய ரெக்கார்டைப் பிரித்து வைத்தார். ஊசல் ஆடும் நேரத்தைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை. விடை ஒன்பது புள்ளி எட்டு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். வகுப்பு மொத்தமும் அதைத்தான் எழுதியிருந்தது. இவள் மட்டும் ஒன்பது புள்ளி நாலு.

"எங்க தப்பு பண்ணினே?"

"தெரியல மேடம். எத்தனை தடவை செஞ்சாலும் அதேதான் வருது."

காற்று படுகிறதோ என்று மின்விசிறியை நிறுத்திப் பார்த்திருந்தாள். நூலை மாற்றியும் பார்த்தாள். விடையை முதலில் எழுதிவிட்டு, அளவுகளை அதற்கேற்றபடி பின்னால் நிரப்பிக்கொள்ளலாம் என்று கூடச் செய்த தோழி சொன்னாள். இவள் மறுத்ததும் தோழி வேறு ஜோடி தேடிப் போய்விட்டாள். அன்றிலிருந்து வகுப்பில் இவளுக்குப் பெயரே 'புள்ளி நாலு'. வீட்டில் சொல்லி அழுதபோது, ஒரு நம்பருக்காக ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறாய் என்று அப்பாவும் கேட்டுவிட்டார்.

மலைமேல் உள்ள வானாய்வகத்தில் கோடைப் பயிற்சிக்குத் துறையிலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். தேர்ந்தெடுப்பவர் இந்தப் பேராசிரியை. வானியல் பாடம் இருக்கிறது என்பதற்காகவே இந்தக் கல்லூரியில் சேர்ந்தவள் அவள்.

பேராசிரியை பேனாவை நீட்டினார். "நாலை எட்டாக்கிடு. கையோட முழு மார்க் போட்டுடறேன்."

அவள் பேனாவைத் தொடவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"புத்தகத்துல இருக்கறதையே எழுதணும்னா லேப் எதுக்கு மேடம்? பூட்டிடலாமே. நாளைக்கு டெலஸ்கோப்புல பார்க்கறதையும் இப்படித்தான் திருத்தணுமா? பயிற்சி போனா போகட்டும். நான் மாத்த மாட்டேன்."

ரெக்கார்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள்.

"நில்லும்மா. பயிற்சிக்கு நீதான் போறே." பேராசிரியையின் குரலிலும் இப்போது கோபம் ஏறியிருந்தது. "நூலை அளக்க வெச்சிருந்த ஸ்கேலை அச்சடிச்சு ஒட்டினது நான்தான். அதுல ஒவ்வொரு சென்டிமீட்டரும் கொஞ்சம் பெரிசு, நூலோட நீளத்தைக் குறைச்சுத்தான் காட்டும். நிஜமா அளந்த யாருக்கும் ஒன்பது புள்ளி எட்டு வந்திருக்கவே முடியாது."