ஒரு ரூபாய் நிற்கும் இடம்

உலகத்தில் நடுங்குகிற எதையும் கிருபாகரன் நிறுத்திவிடுவான். நிலநடுக்கத்துக்கு மட்டும் இன்னும் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. இப்போது கூப்பிட்டிருப்பது ஒரு பட்டறைக்காரர். அவருடைய பழைய கிரைண்டிங் மெஷின் அதிர்ந்து அதிர்ந்து, தேய்க்கிற இரும்பிலெல்லாம் அலை அலையாகக் கோடு போட்டது. இன்றைக்குள் அடங்காவிட்டால் நாளை அது காயலான் கடைக்கு.

அதை ஓட்டும் தங்கமணி அக்கா, ஓடுகிற மெஷினின் தலைமேல் ஒரு ரூபாய் நாணயத்தைச் செங்குத்தாக நிற்க வைத்துப் பார்த்தாள். அது உருண்டு கீழே விழுந்தது.

"பாருங் தம்பி, நிக்கவே மாட்டீங்குது. இவளக் கைவிட்றாதீங்க" என்று மெஷினைத் தட்டிக்கொடுத்தாள்.

"அக்கா, இதென்ன சர்க்கஸா? என் சென்சாரே நாலு லட்சம். உங்க ஒத்த ரூபா அதுக்குப் பாடம் எடுக்குதா?"

அவன் சென்சாரை ஒட்டினான், லேப்டாப்பில் எகிறும் கோட்டைப் பார்த்தான், தேய்ந்த பேரிங்கை மாற்றினான், சக்கரத்தைச் சமன்செய்தான். மறுபடி ஓட்டியபோது திரையில் கோடு சமர்த்தாகப் படுத்துக்கொண்டது.

"அடங்கிருச்சுக்கா."

முதலாளியை அழைத்துவர அக்கா ஓடினாள்.

கிருபாகரன் கோட்டைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். பிறகு குனிந்து, தரையில் கிடந்த ரூபாயை எடுத்துச் சட்டையில் துடைத்து, ஓடிக்கொண்டிருந்த மெஷினின் தலைமேல் நிறுத்தினான்.

"மானத்தக் காப்பாத்தும்மா தங்கம்" என்று ரூபாயிடம் சொல்லிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, மெதுவாக விரலை எடுத்தான்.