லேட்டாக வரும் அம்மா

"இன்னைக்கும் உங்கம்மா வரலையா?"

ஒண்ணாம் வகுப்பு டீச்சர் கேட்டதற்கு, பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்றரைக்கு மணி அடித்ததுமே மற்ற பிள்ளைகள் எல்லாரும் போயாச்சு. இவள் அம்மா மட்டும் மூன்று வாரமாகத் தினமும் இருபது நிமிஷம் லேட். கடைத்தெருவில் துணி தைக்கும் கடையில் வேலை. "ஸாரி டீச்சர், கடையில வேலை முடியல" என்று தினமும் அதே பாட்டு.

டீச்சரின் பஸ் மூணு நாப்பதுக்கு. அதை விட்டால் நாலேகால்தான். வீட்டுச் சாவி டீச்சரின் கைப்பையில். அவள் மகன் பக்கத்து வீட்டுப் படியில், முதுகில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பான்.

இந்தப் பெண்ணோ வாயில்லாப் பூச்சி. வகுப்பில் "எழுந்து படி" என்றால் எழுந்து நிற்பாள், தரையைப் பார்ப்பாள், அவ்வளவுதான். 'வாயே திறப்பதில்லை. வீட்டில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லவும்' என்று டீச்சர் போன மாதம் டைரியில் எழுதி அனுப்பினாள். கீழே அம்மாவின் கையெழுத்து வந்தது. அதற்கப்புறம்தான் இந்த லேட்டும் ஆரம்பித்தது.

படிக்கவும் வைப்பதில்லை, கூட்டிப் போகவும் வருவதில்லை. பெற்றால் மட்டும் போதுமா?

"சும்மா உக்காந்திருக்காதே. இந்த நோட்டையெல்லாம் நேத்து மாதிரி அடுக்கி வை."

பெண் இறங்கி வந்தாள். ஒவ்வொரு நோட்டாக எடுத்து, அட்டையிலிருந்த பெயரை முணுமுணுத்தபடி அடுக்கினாள். நடுவில் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"டீச்சர், இவன் 'மலை வந்தது, நான் நனைந்தேன்'னு எழுதியிருக்கான். மலை எப்படி டீச்சர் வரும்?"

"வராது, வராது." டீச்சரின் கண் கடிகாரத்தில் இருந்தது. மணி மூணு முப்பத்தாறு.

இனிப் பொறுப்பதில்லை. ஒரு தாளை எடுத்து மளமளவென்று எழுதினாள். 'நாளை முதல் மூன்றரைக்கு வராவிட்டால் தலைமையாசிரியையைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.' தாளை மடித்துக்கொண்டு, கைப்பையுடன் விறுவிறுவென்று கேட்டுக்கு வந்தாள்.

"வாட்ச்மேன், அந்தப் பொண்ணோட அம்மா வந்ததும் இதைக் கொடுத்திடுங்க. அதுவரைக்கும் குழந்தையைப் பாத்துக்கங்க. நான் பஸ்ஸைப் பிடிக்கணும்."

வாட்ச்மேன் தாளை வாங்கவில்லை.

"வந்ததும் என்ன டீச்சர், வந்துட்டாங்களே. தினமும் மூணு இருபதுக்கெல்லாம் வந்துடுவாங்க. அதோ பாருங்க, ஜெராக்ஸ் கடை ஓரமா."

டீச்சருக்குச் சுருக்கென்றது. தெருவைக் கடந்தாள்.

கடைச் சுவரோடு ஒட்டி நின்று, அம்மா ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"இங்கேதான் இருக்கீங்களா? அப்போ கடையில வேலைன்னு தினமும் சொன்னதெல்லாம் பொய்யா?"

"பொய்தான் டீச்சர்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று டீச்சர் எதிர்பார்க்கவில்லை.

"வீட்ல படிக்க வைங்கன்னு எழுதியிருந்தீங்க. வச்சுப் பாத்தேன். புத்தகத்தை எடுத்தாலே ஓன்னு அழுவா. நானும் கத்துவேன். அப்புறம் ரெண்டு பேரும் சாப்பிடாமப் படுப்போம். ஒருநாள் நெஜமாவே லேட்டாயிடுச்சு. ஓடி வந்து ஜன்னல்ல எட்டிப் பாத்தா, காலி வகுப்புல உங்க மேஜை பக்கத்துல நின்னு கணீர்னு படிக்கிறா டீச்சர். நோட்டு மேல இருக்கிற பேரு, சுவத்துல ஒட்டியிருக்கிறது, எல்லாத்தையும். உள்ளே வந்தா நிறுத்திடுவாளோன்னு அப்படியே திரும்பி வந்து இங்கே நின்னுட்டேன். அன்னையிலேர்ந்து தினமும் இப்படித்தான்."

டீச்சர் திரும்பிப் பள்ளியைப் பார்த்தாள். மலை எப்படி வரும் என்று ஒரு குரல் கேட்டதே, அது யார் குரல்? வாயே திறக்காத பெண்ணுடையதுதானே? மூன்று வாரமாகப் பக்கத்திலேயே இருந்தும் டீச்சர் கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க அவளுக்குப் பாடம் நடத்த ஆரம்பிச்சிடுவீங்களோன்னு பயம். இப்போ அவதானே உங்களுக்கு நடத்துறா?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் மூணு நாப்பது பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. டீச்சரின் பார்வை அதன் பின்னாலேயே போவதை அம்மா கவனித்தாள்.

"உங்க பஸ்ஸா டீச்சர்?"

"ஆமா. பையன் பக்கத்து வீட்டுப் படியில உக்காந்திருப்பான்."

"ஐயையோ!" அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. "என் குழந்தையை மட்டும் பாத்தேனே. உங்களுக்கும் ஒண்ணு இருக்கும்னு தோணவே இல்லையே. நாளையிலேர்ந்து மணி அடிக்கும்போதே வந்து நிப்பேன் டீச்சர்." ஊசியைச் சட்டையில் குத்திச் சுருட்டிப் பையில் போட்டாள். "இருங்க, இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்."

"நில்லுங்க."

டீச்சர் போனை எடுத்துப் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாள். பையனை உள்ளே உட்கார வைத்து ஏதாவது சாப்பிடக் கொடுக்கும்படியும், இனி தினமும் நாலரை ஆகும் என்றும் சொன்னாள். கையிலிருந்த தாளைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

வகுப்பில் பெண் பாதி அடுக்கிய நோட்டுகளோடு நின்றிருந்தாள்.

"அம்மா வந்தாச்சா டீச்சர்?"

டீச்சர் நாற்காலியை இழுத்து, கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இன்னும் வரலை. நீ அடுத்த நோட்டைப் படி."