கம்ப்யூட்டர் செத்துப்போச்சு

"'நீ ஸ்டியரிங்கைத் தொட்ட நாள்லேர்ந்து இந்த வண்டிக்குப் பீடை புடிச்சிக்கினு கீது.' இதைத்தானே சொன்னீங்க? இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க. மெக்கானிக் தம்பி காதுலயும் விழட்டும்."

சுலோச்சனா இடுப்பில் கை வைத்து நின்றாள். பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த குமரேசன் நிமிரவே இல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையில் தலையை நீட்டினால் என்ன ஆகும் என்று உத்திரமேரூரில் பட்டறை வைத்திருக்கும் எவனுக்கும் தெரியும்.

"சொன்னேன். இன்னா இப்போ?" என்றார் பன்னீர்செல்வம். "நேத்து சாயங்காலம் நான்தான் ஓட்டிக்கினு வந்தேன். வெண்ணெ மாதிரி வந்துச்சு. காலைல நீ சாவி போட்ட, வண்டியோட கம்ப்யூட்டர் செத்துப்போச்சு."

மணி எட்டேகால். பத்து மணிக்குக் காஞ்சிபுரத்தில் அவளுக்கு டிரைவிங் டெஸ்ட். எல்.எல்.ஆர். நாளையோடு முடிகிறது. இன்றைக்கு விட்டால் எல்லாம் முதலிலிருந்து. நாற்பத்தெட்டு வயதில் கார் பழகுகிறாள் என்று ஊர் சிரித்ததே, அந்தச் சிரிப்பையும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

"டெஸ்டை வுடு. அடுத்த வாரம் வண்டியைக் கம்பெனிக்கு இட்டுக்கினு போயி கம்ப்யூட்டரையே மாத்திடலாம். உனக்கு எங்க போவணும் சொல்லு, நான் இட்டுக்கினு போறேன்."

"இருபது வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க சட்டை மாட்டறதுக்குள்ள கல்யாணத்துல கடைசிப் பந்தி முடிஞ்சுடுது."

குமரேசன் இருமினான். சிரிப்பை அடக்கத்தான்.

"கம்ப்யூட்டர்தான் போச்சுன்னு யாருண்ணே சொன்னது?"

"எனக்குத் தெரியாதா? செல்ஃப் சுத்துது, வண்டி புடிக்கல. வேற இன்னாவா இருக்கும்?"

"இப்படிப் பத்து வண்டி வந்தா எட்டுல கம்ப்யூட்டர் நல்லாத்தாண்ணே கீது. எலி ஒயரைக் கடிச்சிருக்கும். தண்ணி எறங்கி பின்னுல பச்சை பூத்திருக்கும். எர்த் ஒயர் துருப்புடிச்சிருக்கும். பழி மட்டும் கம்ப்யூட்டர் மேல."

"அது பொம்பளைன்னு நினைச்சுட்டாங்க போல," என்றாள் சுலோச்சனா.

குமரேசன் ஸ்கேனரை மாட்டினான். திரையில் ஒன்றுமே வரவில்லை. சாவியைத் திருப்பினான். எரிய வேண்டிய என்ஜின் லைட்டும் எரியவில்லை.

"பாத்தியா, நான் சொன்னேன்ல? செத்துப்போச்சு!"

"சாவலண்ணே. அதுக்குச் சாப்பாடு போவல. கரன்ட்டே வரல."

"ஆமா, நீ நாஷ்டா துன்னியாப்பா?" பன்னீர்செல்வத்துக்குத் திடீரென்று விருந்தோம்பல் பொங்கியது. "வா, உள்ள வந்து ரெண்டு இட்லி துன்னு. அப்புறம் பாத்துக்கலாம்."

"டெஸ்ட் முடிஞ்சு வந்து துன்னுவான். நீ பாரு தம்பி."

குமரேசன் பியூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்தான். குனிந்து பார்த்தான். விரலால் தடவியும் பார்த்தான்.

"அக்கா, கம்ப்யூட்டருக்குக் கரன்ட்டு வுடற ரிலே இங்கதான் இருக்கணும். தீப்பெட்டியைவிடச் சின்னதா, கறுப்பா. அது எரிஞ்சுபோவல. இல்லவே இல்ல. யாரோ புடுங்கிக்கினு போயிருக்காங்க."

"திருட்டுப் பசங்க," என்றார் பன்னீர்செல்வம். "காலம் கெட்டுக் கெடக்குது."

"பூட்டின வண்டியைத் திறந்து, பேட்டரியை வுட்டுட்டு, இத்தைப் போயா எடுப்பான்?" என்றான் குமரேசன்.

அந்தப் பக்கத்தில் கழனியிலிருந்து வீடு திரும்பும் ஆம்பிளைகள் மோட்டார் கொட்டாயில் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். இல்லாவிட்டால் பங்காளி மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிவிடுவான்.

சுலோச்சனா புருஷனின் சட்டைப் பையைப் பார்த்தாள். பன்னீர்செல்வம் சட்டென்று மார்பின் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டார்.

அவள் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள்.

"ஏங்க, மணி எட்டரை. பையில இருக்கறதைத் தம்பிகிட்ட குடுத்துட்டு, பக்கத்து சீட்டுல வந்து உக்காருங்க."