லார்யேயின் நோட்டு

"சவப்பெட்டி செய்யறவர் எதுக்கு ஓசியில பிரஷர் பார்க்கணும்? யோசிச்சியா அக்வேலே?"

கருவாட்டுக்கடை டேடே கேட்டதும், பக்கத்தில் வெங்காயம் விற்கும் அக்வேலேவுக்குச் சுருக்கென்றது. போன வாரம்தான் லார்யேயின் பட்டறையில் கையை நீட்டிவிட்டு வந்திருந்தாள். நூற்றுத் தொண்ணூறு என்றார். நோட்டில் குறித்துக்கொண்டார். உடனே கிளினிக்குக்குப் போகச் சொன்னார். அவள் போகவில்லை.

"நல்லதுக்குத்தான் பார்க்கறார்னு நினைச்சேன்."

"நல்லதுக்குத்தான். அவர் பிழைப்புக்கு! யாருக்கு நாள் நெருங்குதுன்னு தெரிஞ்சா முன்கூட்டியே மரம் அறுத்து வைக்கலாமில்ல?"

அக்வேலே கூடையை டேடேயிடம் தள்ளிவிட்டு நேரே பட்டறைக்கு நடந்தாள்.

கடலோர ஊரான டெஷியில் இறந்தவரின் சவப்பெட்டியை அவரவர் தொழிலின் உருவில்தான் செய்வார்கள். தையற்காரி ஒருத்திக்கான தையல் மெஷின் பெட்டி, வண்ணம் காயாமல் ஆள் நீளத்துக்கு வாசலில் கிடந்தது.

"வா தங்கச்சி. மாத்திரை வாங்கினியா?" என்றார் லார்யே.

"முதல்ல அந்த நோட்டைக் கொடுங்கண்ணே."

"அதுல மத்தவங்க விஷயமும் இருக்கும்மா. காட்டக் கூடாது."

அவள் பிடுங்கிவிட்டாள்.

உள்ளே ஒரு பெயர்கூட இல்லை. எல்லாம் படங்கள். பக்கத்தில் எண்கள். ஒரு மிளகாய். ஒரு பேருந்து. கடைசிப் பக்கத்தில் கொழுத்த வெங்காயம் ஒன்று. 190.

"அட பாவி மனுஷா! நான் மூச்சு விட்டுட்டு இருக்கும்போதே எனக்குப் பெட்டி வரைஞ்சாச்சா?"

லார்யே மறுக்கவில்லை. "ஆமாம்மா. பெட்டியேதான்."

"டேடே சொன்னது சரியாப் போச்சு!"

ஆத்திரத்தில் பக்கங்களைப் புரட்டியவள் சட்டென்று நின்றாள். ஒரு படகு. முனையில் இரண்டு நட்சத்திரம். டெஷிக் கரையில் அப்படி ஒரே படகுதான். அதன் குறுக்கே சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு.

"இது எங்க வீட்டுக்காரர் படகு! கோடு கிழிச்சிருக்கீங்களே... காலையிலதானே கடலுக்குப் போனார்? அவருக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலை. உட்காரு. கடலுக்குப் போகாத செவ்வாய்க்கிழமைல, வலை தைக்கப் போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டு இங்கேதான் வருவான் சோவா. இந்த எண்ணை நான் காட்டினப்புறம்தான் கிளினிக் நர்ஸம்மா அவனைக் கூப்பிட்டு மாத்திரை கொடுத்தாங்க. மூணு மாசமா நூத்தி முப்பதைத் தாண்டலை."

"எனக்குத் தெரியவே தெரியாதே..."

"நீ பயந்துடுவேன்னு சொல்லலை."

"சரி, அப்போ எதுக்கு அந்தக் கோடு?"

லார்யே பிரஷர் பார்க்கும் பட்டையை அவள் கையில் சுற்றினார்.

"இப்போதைக்கு அந்தப் பெட்டியை நான் செய்ய வேண்டாம்னு."