சன்னாசியும் பிளாஸ்டிக் போத்தலும்

சன்னாசியின் இன்ஹேலர் மாதம் தவறாமல் காலியாகிறது. மூச்சிரைப்பு மட்டும் குறையவே இல்லை. ஏன் என்று கிள்ளான் கிளினிக் தாதி ரஞ்சிதத்துக்குப் புரியவில்லை.

"எறும்புக்கு அடிக்கிறாரோ என்னமோ மிஸ்ஸி," என்றாள் அவர் மனைவி அஞ்சலை. "பாசார் வரைக்கும்கூட நடக்க முடியல."

"காலையில ரெண்டு, சாயந்திரம் ரெண்டு, ஒழுங்கா அடிக்கிறேன்லா!" என்றார் சன்னாசி.

"எங்கே, என் முன்னால அடிங்கண்ணே."

சன்னாசி இன்ஹேலரை வாயில் வைத்து, மூச்சை இழுத்துக்கொண்டே அழுத்தினார். 'உஸ்' என்றது. அந்த நொடியே இழுப்பதை நிறுத்திவிட்டார். மருந்து வாயோரமாக வெளியே வந்தது.

"ஏன் நிறுத்துனீங்க?"

"நான் எங்க நிறுத்துனேன்?"

அஞ்சலையின் குரல் இறங்கியது. "ஐஸ் ஃபேக்டரியில இருபது வருசம் மிஸ்ஸி. உஸ்ஸுன்னா அமோனியா கசியுதுன்னு அர்த்தம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடணும். பைப்பு வெடிச்ச அன்னிக்கும் அப்படி ஓடினதாலதான் பாதி நுரையீரலாவது மிஞ்சிச்சு."

ரஞ்சிதம் ஒரு பிளாஸ்டிக் போத்தலின் அடியில் துளை போட்டு, அதில் இன்ஹேலரைச் செருகினாள். மறுமுனையைச் சன்னாசியின் வாயில் வைத்துவிட்டு அழுத்தினாள். மருந்து போத்தலுக்குள் நின்றது. உஸ் சத்தம் அடங்கியது.

"இப்ப இழுங்கண்ணே."

சன்னாசி நிறுத்தாமல் இழுத்தார். மருந்து நெஞ்சுக்குள் போனது.