ஓட்டிப் பார்க்க வந்தவர்கள்

பிரவீன்ராஜ் சாவியை வாங்கி, உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் காரை விற்பவரின் மனைவி பின் சீட்டில் ஏறிவிட்டார்.

பட்டுப்புடவை கட்டியிருந்தார். மடியில் ஒரு தூக்குவாளி. காலடியில் இரண்டு ஒயர் கூடைகள், காலியாக.

"நீங்களும் வர்றீங்களாம்மா?"

"ஆள் நிறைய உக்காந்தாத்தானே தம்பி, வண்டி இழுக்குதான்னு தெரியும்?" என்றார் பானுமதி.

நியாயமாகத்தான் பட்டது.

பிரவீன்ராஜின் அம்மா வியாகுலம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் ஏறினார். மனைவி ஜாஸ்லின் சுற்றி வந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். மூன்று பேரும் திருவெறும்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கம் வந்திருந்தார்கள். எங்கள் பட்ஜெட்டுக்கு இதுதான் சரிப்படும் என்று பிரவீன்ராஜ் போனிலேயே சொல்லியிருந்தான்.

முன் சீட்டில் ரெங்கராஜ். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கார் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சும்மா நிற்கிற வண்டியை வித்துத் தொலைங்க என்று மகன் பெங்களூரிலிருந்து தினமும் திட்டுகிறானாம்.

"மொதல்ல பாலத்துல போகட்டும். அங்கதான் ஸ்டியரிங் நேரா நிக்குதான்னு தெரியும்."

காவிரிப் பாலத்தில் ஸ்டியரிங் நேராகவே நின்றது. வியாகுலம்மாள் ஜன்னலை இறக்கிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ரிவர்ஸ் பார்க்க வேண்டாமா? தில்லைநகர் போங்க," என்றார் ரெங்கராஜ்.

அவர் காட்டிய குறுக்குத் தெருவுக்குள் பிரவீன்ராஜ் ரிவர்ஸிலேயே போய் நிறுத்தினான். நிறுத்திய வீட்டு வாசலில் ஒரு அம்மாள் ஏற்கெனவே காத்திருந்தார். பானுமதி தூக்குவாளியோடு இறங்கினார்.

"என் தங்கச்சி. சாம்பார் சாதம்னா உயிர்."

ரெங்கராஜ் அவன் கையைப் பிடித்துத் தடுத்தார். "ஆஃப் பண்ணாதீங்க. நின்ன எடத்துல என்ஜின் உதறுதான்னு பாருங்க."

அக்காவும் தங்கையும் பேசி முடிக்கும்வரை பார்த்தார்கள். உதறவில்லை.

அடுத்தது ஏற்றம். அதற்கு ஜங்ஷன் மேம்பாலம்தான் சரி என்றார் ரெங்கராஜ். ஏறி இறங்கியதும், "இப்ப பிரேக்," என்றார். பிரவீன்ராஜ் பிரேக்கை மிதித்தான். கார் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நின்றது.

இறங்கி உள்ளே போன ரெங்கராஜ் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். உட்கார்ந்து, காரை ஒருமுறை சுற்றும் முற்றும் பார்த்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு," என்றார்.

காந்தி மார்க்கெட்டில் லோடு ஏற்றிப் பார்த்தார்கள். சின்ன வெங்காயம், பூசணிக்காய், ஒரு வாழைத்தார், தேங்காய். கூடைகள் நிறைந்து, டிக்கியும் நிறைந்தது. ஜாஸ்லின் டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியாகக் கணவனையே பார்த்தாள். அவன் அந்தக் கண்ணாடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தான்.

"பிரவீன், பிரேக்கை இன்னொரு தடவை பார்த்துடுப்பா. மாதா கோயில் வாசல்ல பாரு," என்றார் வியாகுலம்மாள்.

அவர் மெழுகுவத்தி ஏற்றி, முழங்காலிட முடியாமல் நின்றபடியே ஜெபம் சொல்லி, வெளியே வந்து தெரிந்தவர் ஒருவரிடம் நலம் விசாரித்து முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். ரெங்கராஜ் கொஞ்சம்கூட முகம் சுளிக்கவில்லை.

"பிரேக் முக்கியம்மா. நல்லாப் பாருங்க," என்றார்.

வீடு திரும்பியதும் பிரவீன்ராஜ் வாழைத்தாரைத் தோளில் தூக்கிக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்தான். காபி வந்தது. குடித்துவிட்டு பானெட்டைத் திறந்து உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"கிளட்ச் கொஞ்சம் இறுக்கமா இருக்கு சார்."

"ஆமாமா. உங்களுக்கு ஒத்து வராது," என்று உடனே ஒப்புக்கொண்டார் ரெங்கராஜ்.

விலை என்னவென்று இவன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம் சார்."

"நானும் பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

கேட்டுக்கு வெளியே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கார் விற்பதாக விளம்பரம் போட்டிருந்ததைப் பார்த்து வந்தார்களாம்.

ரெங்கராஜ் இரண்டு கையையும் நீட்டி வரவேற்றார். உள்ளேயிருந்து பானுமதியின் குரல் கேட்டது.

"சமயபுரம் ரோட்டுல போனாத்தான் பிக்கப் தெரியும்னு சொல்லுங்க. நான் பூத்தட்டை எடுத்துட்டு வரேன்."

ஜாஸ்லின் தெருமுனை வரை வாயைப் பொத்திக்கொண்டு நடந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"உங்களை நல்லா டிரைவராக்கிட்டாங்க."

"பாவம், இருக்கட்டும். அந்த வயசுல ஆட்டோ பிடிச்சு எத்தனை எடத்துக்குப் போவாங்க?" என்றார் வியாகுலம்மாள்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார இடம் கிடைத்தது. முட்டியைத் தடவிக்கொண்டே மகனைப் பார்த்தார்.

"அடுத்த ஞாயிறு எங்கப்பா?"

பிரவீன்ராஜ் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "கைலாசபுரத்துல ஒண்ணு இருக்கும்மா. பெரிய வண்டி. ஏழு பேர் உட்காரலாம்."

திருவெறும்பூரில் அவர்கள் குடியிருக்கும் சந்துக்குள் ஆட்டோவே நுழையாது. கார் வாங்குவதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஏழு பேர்னா எங்கம்மாவையும் கூட்டிக்கலாம்," என்றாள் ஜாஸ்லின்.

"கல்லணை வரைக்கும் ஓட்டினாத்தான் தெரியும்னு இப்பவே போன்ல சொல்லிடு," என்றார் வியாகுலம்மாள். "போன வாரம் அந்த லால்குடிக்காரர் ரொம்ப அவசரப்படுத்திட்டார்."