முப்பத்தேழாவது படம்

ஸ்டுடியோக்காரருக்கு நான் தரவேண்டியது நூற்று நாற்பது ரூபாய். என் கடைசி பிலிம் ரோலைக் கழுவிப் பிரிண்டு போட்ட கூலி. மனைவி இறந்தபின் ஆறு வருஷமாக அந்தப் படங்களை வாங்க மனம் வரவில்லை. இன்று டிஜிட்டல் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, மூட்டை தூக்கிக் காய்த்த விரலால் உறையைப் பிரிக்கிறேன். முப்பத்தாறு படத்துக்கான ரோல். "அதான் முடிஞ்சுபோச்சே" என்ற மனைவியை அன்று நிற்கவைத்து, நப்பாசையில் எடுத்த முப்பத்தேழாவது மேலே இருக்கிறது. பாதி முகத்தில் அவள் சிரிக்கிறாள். பிலிம் தீர்ந்த மீதி, கறுப்பு. கண்ணாடிக் கதவு வழியே வரும் வெயில் அதன்மேல் நகர்கிறது. "இப்போ இதுல ஆயிரம் எடுக்கலாமேண்ணே!" என்கிறார் ஸ்டுடியோக்காரர், என் கேமராவைக் காட்டி. "எடுக்கலாம். நிக்கத்தான் ஆளில்ல." அவர் பில்லின் குறுக்கே கோடு போடுகிறார். "பாதிப் படத்துக்கு நான் காசு வாங்குறதில்ல, போங்கண்ணே."